வழுக்குகிற தலைமயிரில் கோர்ன்ரோ: கொழும்பில் முதல் தடவை பின்னுகிறவர்களுக்கு

கோர்ன்ரோ என்பது தலைத்தோலோடு ஒட்டி வரி வரியாகப் போடுகிற பின்னல். அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை இறுக்கமாகச் சுருண்ட ஆபிரிக்கத் தலைமயிருக்காகச் செய்யப்பட்டவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பின்னல் ஆபிரிக்காவில் பிறந்து, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு கரீபியன் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அந்த மயிருக்கென்றே வளர்ந்த கலை. ஆனால் அங்கே சொல்கிற “ஆறு கிழமை வைத்திருங்கள்”, “ஒவ்வொரு நாளும் எண்ணெய் விடுங்கள்” என்ற இரண்டையும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படியே செய்தால், பத்தாம் நாள் பின்னல் தொளதொளத்துவிடும். பதினைந்தாம் நாள் தலையிலிருந்து புளித்த வாடை வரும்.

சுருண்ட மயிரின் இழை தட்டையானது. ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய்ப் பசை அந்தச் சுருள்களைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேராது, அதனால்தான் வெளியிலிருந்து எண்ணெய் கொடுக்கிறார்கள். நம்மில் பெரும்பாலானோரின் மயிர் நேராகவோ அலையலையாகவோ இருக்கும். இழை உருண்டையாக, வழவழவென்று இருக்கும். பசை தானாக வழிந்து இறங்கிவிடும். பின்னல் நிற்பதற்கு வேண்டியது உரசல். சின்ன வயதிலிருந்து தேங்காயெண்ணெய் வைத்து வைத்து நாம் போக்கியதும் அதைத்தான். ஆகவே நமக்கான கணக்கு வேறு: எண்ணெய் இல்லாமல் பின்னி, நெற்றியோரத்தைத் தளர விட்டு, இரண்டு கிழமையில் அவிழ்த்துவிட வேண்டும். உங்களுக்கு இயல்பிலேயே அடர்ந்த சுருட்டை என்றால் கீழே வருகிற நாட்கணக்கை ஏறத்தாழ இரட்டிப்பாக்கலாம்.

யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்

கொழும்பில் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: அண்மையில் டெங்கு வந்ததா? கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வழமை. பிள்ளை பெற்ற பிறகு மூன்றாம் நான்காம் மாதத்திலும் அப்படித்தான். அந்த நேரம் பின்னல் போட்டால், எப்படியும் விழ இருந்த மயிரோடு விழத் தேவையில்லாததும் இழுபட்டு வரும். கொட்டுவது நின்று, நெற்றியோரத்தில் புதுக் குறுமயிர் எழும்பும்வரை பொறுங்கள். ரீபொண்டிங் (மருந்து போட்டு மயிரை நேராக்குவது), ப்ளீச் செய்தவர்களும் குறைந்தது இரண்டு மாதம் விடுவது நல்லது. அந்த மயிர் வளையும், ஆனால் இழுவை தாங்காது.

பொடுகு இருந்தால் அதை முதலில் பாருங்கள். பாமசியில் கிடைக்கிற 2 வீதக் கீட்டோகொனசோல் ஷாம்பூவைக் கிழமைக்கு இரண்டு தடவை, தலைத்தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, இரண்டு முதல் நான்கு கிழமை போனால் பெரும்பாலும் அடங்கும். பின்னல் போட்ட பிறகு பொடுகைக் கையாள்வது பெரும் பாடு; செதில்கள் வகிட்டில் வெள்ளைக் கோடாகத் தெரியும், சீப்பும் போடமுடியாது. பேன் அதைவிட மோசம். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள்தான் எடுக்கும், அதாவது நீங்கள் பின்னலை வைத்திருக்கிற அதே காலம். பின்னுவதற்கு முதல் நாள் ஈருகொல்லிச் சீப்பால் ஒரு தடவை வாரிப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்காருங்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பிறகு அந்தக் கதிரையில் உட்காரப் போகிறவருக்கும்.

இன்னொரு கூட்டம், பள்ளிக்கூடக் காலம் முழுக்க நெற்றி இழுபட இரட்டைப் பின்னல் போட்டவர்கள், அல்லது பரதநாட்டிய மேடைக்காகச் சவுரியும் ஜடை அலங்காரமும் வைத்து வருடக்கணக்கில் ஆடியவர்கள். இவர்களில் பலருக்குக் காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுப் பக்கம் ஏற்கனவே மெலிந்திருக்கும். போனில் இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அங்கே தோல் தெரிகிறதென்றால் அந்தப் பகுதியைப் பின்னலுக்குள் எடுக்கவே வேண்டாம். முன் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னலாம், பார்க்கவும் வடிவாக இருக்கும்.

நீளம்: நேரான மயிருக்கு 10 சென்ரிமீற்றராவது வேண்டும். ஆண்களில் பலர் 5, 6 சென்ரிமீற்றரில் வந்து கேட்பார்கள். சுருண்ட மயிரில் அது பிடிக்கும். நம்முடையதில் பின்னி முடித்து எழும்புவதற்குள் பிடரியில் கழன்றுவிடும். லேயர் வெட்டு இருந்தால் குட்டை நுனிகள் வரிக்கு வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ஜெல் பூசலாம், முழுத் தீர்வு கிடையாது.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு விடுமுறைதான் காலம்: சித்திரை, ஆவணி, மார்கழி. ஆண் பிள்ளைகளுக்குக் கட்டை வெட்டு, பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல் என்ற ஒழுங்கு இங்கே இலேசில் இளகாது. இங்கிலாந்தில் ஒரு பாடசாலை ஆண் பிள்ளைகளின் கோர்ன்ரோவைத் தடுத்தபோது, 2011இல் அங்கே உயர் நீதிமன்றம் அது மறைமுகமான இனப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளைக்கு அது பரம்பரை வழக்கம் என்பதுதான் அங்கே வழக்கின் அடிப்படை. நாம் அதைக் காட்டி அதிபரிடம் வாதாட முடியாது.

பின்னுகிறவரைத் தேடுவது

கொழும்பில் ப்ரெய்ட் போடுவோம் என்கிற சலூன்களில் பலவற்றின் உண்மையான கைத்தொழில் மணப்பெண் அலங்காரம். அவர்களுடைய பின்னல் ஒரு நாள் மேடைக்கானது: இறுக்கி, ஸ்ப்ரே அடித்து, படத்துக்கு வடிவாக. கோர்ன்ரோவுக்கு அந்தக் கை ஆபத்தானது. பின்னி முடித்த அன்றைய படத்தைப் பார்த்து மயங்காமல், ஒரு கிழமைக்குப் பிறகு அதே தலையின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கைக்காரர் உங்கள் தலையைத் தொட்டுப் பார்த்து, கடைசியாக எப்போது எண்ணெய் வைத்தீர்கள், ரீபொண்டிங் செய்ததா என்று தானாகவே கேட்பார். வால் சீப்பு கழுவியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தலைத்தோல் படர்தாமரை சீப்பு வழியே பரவும். சுற்றுலாக் கடற்கரைகளில் உட்கார்ந்து பின்னுகிறவர்களில் வெள்ளைக்காரரின் வழுக்குகிற மயிரில் பழகிய நல்ல கைகள் உண்டு, ஆனால் மணலும் உப்பும் படிந்த தலையில் பின்னுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூலியை வரிகளின் எண்ணிக்கை, மயிரின் நீளம், செயற்கை மயிர் சேர்ப்பதா என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். செயற்கை மயிரை நீங்களே வாங்கி வரவேண்டுமா என்பதையும் அவிழ்ப்பதற்குத் தனிக் காசா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் தடவைக்கு ஆறிலிருந்து எட்டு வரி போதும். ஒரு வரியின் அகலம் 2 முதல் 2.5 சென்ரிமீற்றர். பன்னிரண்டு, பதினைந்து என்று மெல்லிய வரிகள் கேட்டால் உட்கார வேண்டிய நேரம் மூன்று நான்கு மணித்தியாலமாகும்; நேரான கறுத்த மயிரில் அத்தனை வகிடும் பளிச்சென்று தெரிந்து தலை மெலிந்தது போலத் தோற்றும். எட்டு வரி, சேர்க்கை இல்லாமல் என்றால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். சேர்க்கையோடு இரண்டு, மூன்று.

வகிடு எல்லாம் நேராகப் பிடரிக்குப் போகிற வடிவம்தான் முதல் தடவைக்கு ஏற்றது. வளைவும் குறுக்கும் போட்டால் சில வரிகள் மயிர் வளர்கிற திசைக்கு எதிராக இழுபடும். அங்கேதான் முதலில் நோகும்.

பின்னுவதற்கு முதல் நாள் தயாரிப்பு

மூன்று நாளைக்கு முன்னரே எண்ணெயை நிறுத்துங்கள். முதல் நாள் பின்னேரம் ஷாம்பூ இரண்டு தடவை. முதல் தடவை நுரை வராது, பசை மட்டும் கழன்று போகும். இரண்டாவதில்தான் தோல் சுத்தமாகும். கண்டிஷனரை நுனிப் பாதிக்கு மட்டும் பூசிக் கழுவுங்கள், வேருக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். கழுவிய பிறகு விரலால் ஒரு பிடியை உருவினால் கீச்சென்று பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்புத்தான் நாளைக்குப் பின்னலைத் தாங்கப் போகிறது.

ஈரம் முழுவதும் போக வேண்டும். ஈர மயிர் இழுத்தால் நீளும். நீண்ட நிலையில் பின்னிவிட்டுக் காய்ந்தால் சுருங்கி வேரை இழுக்கும். அத்தோடு கொழும்புக் காற்றில் பின்னலுக்குள் அகப்பட்ட ஈரம் இலேசில் காயாது. வீட்டில் ஹெயார் ட்ரையர் இல்லையென்றால் இரவு கழுவிவிட்டுப் படுப்பதை விட, விடியக் கழுவி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காயவைத்துவிட்டுப் போவது மேல்.

செயற்கை மயிர் சேர்ப்பதானால் அதற்கும் ஒரு முன்வேலை உண்டு. சில உறைகளில் போட்டிருக்கிற கனேகலோன் என்பது ஜப்பானின் கனேகா நிறுவனம் உற்பத்தி செய்கிற மொடக்ரிலிக் என்ற செயற்கை நார். அந்தப் பெயர் உறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புறக்கோட்டையிலும் அழகுசாதனக் கடைகளிலும் பெட்டி பெட்டியாகத் தொங்குகிற செயற்கை நார்களில் பல ஒரு பூச்சோடுதான் வருகின்றன. சிலருடைய தோலில் அந்தப் பூச்சு கடுமையான கடி எடுக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் அரை வாளிக்கு அரைக் கோப்பை வினாகிரி விட்டு, கட்டை அவிழ்க்காமல் அப்படியே இருபது முப்பது நிமிடம் ஊறவிடுங்கள். மேலே வெண்மையான படலம் மிதந்தால் அதுதான் ஆசாமி. நல்ல தண்ணீரில் அலசி, பல்கனியில் தொங்கவிட்டு முழுவதும் காயவிடுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். நம்முடைய கறுப்பு வெயிலில் கொஞ்சம் செம்பட்டை காட்டும். கடையில் முதலாம் இலக்கம் என்று தருகிற மைக் கறுப்பு பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும், பலருக்கு அதற்கு அடுத்த 1B தான் பொருந்தும்.

கை எப்படிப் போகிறது

வீட்டில் அக்காவோ தங்கையோ பின்னிவிடப் போகிறார் என்றால் இது அவருக்கு. வேண்டியவை வால் சீப்பு, ஆறு எட்டு பெரிய க்ளிப், தண்ணீர் ஸ்ப்ரே போத்தல், எண்ணெய் சேராத ஹோல்ட் ஜெல் ஒரு டப்பா, சின்ன ரப்பர் பேண்டுகள். வால் சீப்பின் நுனியைத் தோலில் அழுத்தாமல் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரே இழுவையில் கொண்டு போய் உச்சி பிரியுங்கள். விட்டு விட்டு இழுத்தால் கோடு கோணும். எடுக்கிற வரியைத் தவிர மிச்சம் எல்லாம் க்ளிப்பில் இருக்கட்டும். வரியின் இரண்டு கரையிலும் விரல் நுனியில் பட்டாணி அளவு ஜெல் தடவுங்கள்.

நாம் வழமையாகப் போடுகிற மூன்று கால் பின்னலில் கரைக் கால் நடுக் காலின் மேலாகத் தாண்டும். கோர்ன்ரோவில் அது கீழாகப் போக வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் பின்னலை வரம்பு மாதிரித் தோலின் மேல் எழும்பி நிற்க வைக்கிறது. நெற்றி மயிரெல்லையிலிருந்து அரைச் சென்ரிமீற்றர் உள்ளே, மெல்லிய மூன்று காலோடு தொடங்குங்கள். பூனைமயிரை எடுக்காதீர்கள். வலது கால் நடுவுக்குக் கீழே, இடது கால் நடுவுக்குக் கீழே. இரண்டு தடவை இப்படிப் போன பிறகு ஒவ்வொரு தடவையும் கீழே போகிற காலோடு அதே வரியிலிருந்து ஒரு சிறு பிடியைச் சுட்டுவிரலால் கோர்த்துச் சேருங்கள். பிடிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும்; ஒரு பிடி பெரிதானால் அந்த இடத்தில் குமிழ் எழும்பும்.

பழகாத கைகள் செய்கிற பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: கையை மேலே தூக்கிப் பின்னுவது. கை தோலிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்தால் பின்னலும் அங்கேதான் உருவாகும், விட்டவுடன் தொய்ந்துவிடும். அதை உடனே இறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பின்னலின் தொய்வு போகாது, வேர் மட்டும் இழுபடும். விரல்முட்டுகள் தலையில் உரசிக்கொண்டே பின்னோக்கி நகர வேண்டும். இழுவை வரியின் திசையில் இருக்கட்டும், வானத்தை நோக்கி வேண்டாம். பிடரிக்கு வந்ததும் பின்னப்படுகிறவர் நாடியை நெஞ்சுக்குக் கொண்டு போகக் கூடாது. குனிந்த கழுத்தில் பின்னினால் நிமிர்ந்ததும் கடைசி மூன்று கோர்வை தளர்ந்துவிடும். தலை நேராகவோ மட்டாகச் சாய்ந்தோ இருந்தால் போதும்.

சேர்க்கை மயிரைத் தொடக்கத்திலேயே முடிச்சாகப் போடுகிற முறை பழையது. நெற்றியில் கட்டியாகத் தெரியும், பாரமும் அங்கேயே விழும். சொந்த மயிரில் மூன்று நான்கு கோர்வை போன பிறகு, ஊசிநூல் தடிப்பில் ஒரு நாரை இரண்டாக மடித்து, மடிப்பை நடுக்காலில் மாட்டி, இரண்டு முனையையும் கரைக் கால்களோடு சேருங்கள். பிறகு இரண்டு மூன்று கோர்வைக்கு ஒன்றாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தடிப்பாக. நேரான மயிருக்கு இந்தச் சேர்க்கை அலங்காரத்துக்கு மேலே ஒரு வேலை செய்கிறது: நாரின் சொரசொரப்பு நம்முடைய மயிரைப் பிடித்து வைக்கிறது. அதற்காக இடுப்புவரை தொங்கவிடாதீர்கள். நனைந்தால் பாரம் கூடும், அத்தனையையும் தாங்குவது வேர்தான். முதல் தடவைக்குத் தோளைக் கொஞ்சம் தாண்டினால் போதும்.

நார் நுனியைக் கொதிதண்ணீரில் பத்து இருபது விநாடி தோய்த்து மூடுவார்கள். தண்ணீரைக் கோப்பையில் எடுத்து, நுனியை அதற்குள் இறக்கி, எடுத்த கையோடு துவாயால் ஒற்றுங்கள். கொதிதண்ணீர் சொட்டுகிற பின்னல் முதுகில் பட்டால் புண்ணாகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையே வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும். சேர்க்கை இல்லாத பின்னலில் கடைசி 2, 3 சென்ரிமீற்றரை விட்டு ரப்பர் பேண்டைக் கட்டுங்கள், மெல்லிய நுனியில் கட்டினால் அன்றைக்கே உருவிப் போகும்.

இறுக்கம்

“இறுக்கிப் பின்னினால்தான் கனநாள் நிற்கும்” என்று சலூனிலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். நேரான மயிரில் பின்னல் கலைவது வழுக்குவதால். இறுக்கினால் வழுக்குவது நிற்காது, வேர்தான் நொந்து போகும். முதல் வரி முடிந்தவுடன் நிறுத்தச் சொல்லிச் சோதியுங்கள். புருவத்தை உயர்த்துங்கள், வாயை அகலத் திறவுங்கள், தலையை இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோல் பின்னலோடு சேர்ந்து இழுபட்டால், வேரடியில் தோல் சின்னக் கூடாரமாக எழும்பி நின்றால், அந்த வரியை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். எட்டாவது வரியில் சொல்வதை விட முதல் வரியில் சொல்வது இரண்டு பேருக்கும் சுகம்.

முதல் நாள் ஒரு பிடிப்பு உணர்வு இருக்கும், அது வழமை. நித்திரை கொள்ள முடியாத நோவு வழமை கிடையாது. பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தாங்கினால் சரியாகிவிடும் என்பது பரவலாகக் கேட்கிற அறிவுரை. பனடோல் தேவைப்படுகிற பின்னல் அவிழ்க்க வேண்டிய பின்னல். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் முன்னால் உள்ள இரண்டு வரிகளையாவது அன்றிரவே அவிழ்த்துவிடுங்கள். வேரடியில் வெள்ளை நுனியோடு சின்னக் கொப்புளங்கள் வந்தால் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். தொடர்ந்து இழுபட்ட வேர் முதலில் மெலிந்த மயிரைத் தரும், அந்தக் கட்டத்தில் விட்டால் மீளும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர்ப்பை தழும்பாகி மூடிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. பின்னல்களை ஒன்றாகச் சேர்த்து உச்சிக் கொண்டை போடுவது இதே இழுவையை இரட்டிப்பாக்கும். முதல் கிழமை தொங்கட்டும்.

வெயில், வியர்வை, ஹெல்மட்

வெயிலே படாமல் இருந்த தோல் இப்போது ஏழெட்டுக் கோடுகளாக வெளியே வந்திருக்கிறது. கொழும்பு நடுப்பகலில் அரை மணித்தியாலம் பஸ் தரிப்பில் நின்றாலே கோடு கோடாகச் சிவந்து, நான்கு நாளில் தோல் உரியும். அதைப் பொடுகு என்று நினைத்து மருந்து போடுகிறவர்களும் உண்டு. குடைதான் இலேசான வழி. சன்ஸ்கிரீன் என்றால் ஜெல் வகையை விரல் நுனியில் எடுத்து வகிட்டில் தடவுங்கள். வெள்ளைக் களிம்பு வரிகளுக்குள் படிந்தால் இலேசில் போகாது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் வடிவத்தைத் தெரிவுசெய்யும்போதே ஹெல்மட்டை நினையுங்கள். நேராகப் பிடரிக்குப் போகிற தட்டையான வரிகளுக்கு மேல் ஹெல்மட் சரியாக உட்காரும். கொண்டை, மணி, தடித்த சேர்க்கை எல்லாம் ஹெல்மட்டைத் தூக்கிப் பிடிக்கும். தூக்கி நிற்கிற ஹெல்மட் விழுந்தால் காப்பாற்றாது. உள்ளே மெல்லிய சாடின் தொப்பி போட்டால் உரசலில் இழை பறப்பது குறையும். அதையும் ஹெல்மட்டின் உட்பஞ்சையும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை காயவிடுங்கள், வாடையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி ஒன்றை விரலில் சுற்றி வகிடுகளைத் துடைத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் இருங்கள். மூன்றாம் நாளிலிருந்து கடி எடுக்கும். நகத்தால் சொறிந்தால் வரிகளுக்கு நடுவே இழைகள் இழுபட்டுப் பம்மிவிடும், தோலும் கீறும். உள்ளங்கையால் தட்டுங்கள். சேர்க்கை மயிர் படுகிற கழுத்திலும் காதடியிலும் மட்டும் தடிப்புத் தடிப்பாகக் கடித்தால் காரணம் நாரின் பூச்சு. முழுத்தலையும் கடித்தால் வியர்வையும் ஜெல்லும்.

இரவுக்குப் பருத்தி உறை ஆகாது, இழைகளை உரசி எழுப்பிவிடும். புறக்கோட்டைத் துணிக்கடையில் ஒரு மீற்றர் சாடின் வாங்கினால் ஒரு தலையணை உறை தைத்துவிடலாம்.

கழுவுதல்

முதல் மூன்று நாள் கழுவாமல் இருக்கட்டும், ஜெல் பிடிக்க வேண்டும். பிறகு நான்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை. ஷாம்பூ ஒரு பங்கு, தண்ணீர் நான்கு ஐந்து பங்கு, மூக்கு வைத்த பிளாஸ்டிக் போத்தலில் கலந்து வையுங்கள். நேராகக் கையில் ஊற்றிய ஷாம்பூ பின்னலின் மேலே நுரைக்கும், தோலுக்குப் போகாது, போனதும் திரும்ப வராது. வகிடு வகிடாகப் போத்தல் மூக்கை வைத்துப் பீச்சி, விரல் நுனியின் சதைப் பகுதியால் வரியின் திசையில் மேலும் கீழுமாக மெதுவாகத் தேயுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் முழுவதும் பம்மிவிடும். பிறகு தலையை நிமிர்த்தி, நெற்றியிலிருந்து பிடரிக்கு ஓடும்படி தண்ணீர் விட்டு, பின்னலைப் பிழியும்போது நுரை வராத வரைக்கும் அலசுங்கள். பழைய டீ ஷேர்ட்டால் அமத்தி ஈரத்தை எடுங்கள். பிறகு ஃபேன், அல்லது குளிர்காற்றில் ட்ரையர். விரலை வரிக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் உலர்ந்திருக்க வேண்டும். மேலே காய்ந்து அடி ஈரமாக இருக்கிற பின்னலோடு படுத்தால் இரண்டு நாளில் நாறும். மே மாதம் தொடங்கி மழைக்காலத்தில் இதற்கு இரட்டிப்பு நேரம் வையுங்கள், இரவில் கழுவவே வேண்டாம்.

சீயக்காய், வெந்தயம், செம்பருத்தி அரைத்தது எதுவும் இந்த இரண்டு கிழமைக்கு ஆகாது. தூள் வரிகளுக்குள் இறுகி நின்றுவிடும். சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கையும் ஒத்திப்போடுங்கள். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகுவது, கொழும்பில் தலையில் வைத்தால் நெற்றிக்கு வழியும், பின்னலையும் கழற்றும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. தோல் உண்மையாகவே வறண்டு இழுத்தால் விரல் நுனியில் மூன்று நான்கு துளி, கிழமைக்கு ஒரு தடவை.

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதற்காகக் கலந்த போத்தல் எப்போதும் குளியலறையில் இருக்கட்டும்; வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினாலும் காயவைக்கிற வேலை அதேதான். கல்கிசைக் கடலிலோ நீச்சல் தடாகத்திலோ குளித்தால் உப்பையும் குளோரினையும் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கழுவிய பிறகு எழும்புகிற இழைகளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். அது உங்கள் சொந்த மயிர், அவிழ்த்த பிறகு தலையெல்லாம் குச்சி குச்சியாக நிற்கும். ஹெயார் மூஸ் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்து மேலால் அமத்தி, துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் கட்டி வைத்தால் படியும்.

அவிழ்ப்பது

சேர்க்கை இல்லாத நேர் மயிர் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். சேர்க்கையோடு இரண்டு கிழமை. மூன்றைத் தாண்டாதீர்கள். மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். வளர்ந்த அளவுக்குப் பின்னல் தோலிலிருந்து விலகி, அந்த இடைவெளியில் உதிர்ந்த மயிரும் தூசும் பசையும் சேர்ந்து சிக்காகும். “இன்னும் வடிவாத்தானே இருக்கு” என்று ஒரு கிழமை நீட்டினால் அந்தச் சிக்கை அவிழ்க்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும்.

ரப்பர் பேண்டை இழுத்து எடுக்காமல் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். சேர்க்கை இருந்தால் உங்கள் மயிர் எதுவரை இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்கு நான்கு விரற்கடை கீழே நாரை வெட்டலாம். சந்தேகமென்றால் வெட்டாமலே அவிழுங்கள். வால் சீப்பின் நுனியால் கீழிருந்து மேலே போங்கள். வேரடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு வளையம் இருக்கும். அதைத் தண்ணீர் படமுன் கண்டிஷனர் தடவி, விரலால் பிரித்துக் கரைத்து, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள். இதைச் செய்யாமல் நேரே ஷவருக்குக் கீழே போனால் அந்தப் படிவும் உதிர்ந்த மயிரும் சேர்ந்து இறுகிவிடும், பிறகு கத்தரிக்கோல்தான்.

சீப்பில் வருகிற உருண்டையைப் பார்த்துப் பலர் அழுதுவிடுவார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மயிர் எல்லோருக்கும் உதிரும். பதினான்கு நாளைக்கு 700 முதல் 1400. வழமையாகக் குளியலறை வாய்க்காலில் போகிறது இந்தத் தடவை பின்னலுக்குள் காத்திருந்தது. ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் தானாக உதிர்ந்தது. குட்டையாக, புள்ளி இல்லாமல் இருந்தால் முறிந்தது. முறிந்தவை அதிகமென்றால் இறுக்கமோ அவிழ்த்த விதமோ பிழை.

பிறகு ஷாம்பூ இரண்டு தடவை, கண்டிஷனர், அடுத்த சனிக்கிழமை உங்கள் நல்லெண்ணெய் முழுக்கு. பின்னலோடு இருந்த நாள் அளவுக்காவது மயிரைச் சும்மா விடுங்கள். அந்த நேரத்தில் ரீபொண்டிங், டை எதுவும் வேண்டாம். நெற்றிப் பொட்டுப் படத்தைத் திரும்ப எடுத்து முன்னையதோடு ஒப்பிடுங்கள். மெலிந்திருந்தால் அடுத்த பின்னல் இல்லை, குதிரைவாலும் இல்லை. மூன்று மாதம் தளர விட்டும் குறுமயிர் எழும்பாவிட்டால், அல்லது தோல் பளபளவென்று வழுவழுப்பாகத் தெரிந்தால், தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இரண்டு படத்தையும் கொண்டு போங்கள்.